ஈரி ஏரியில் ஸ்டர்ஜன் இன்னும் இருக்கிறதா? கரையில் ஒன்றைக் கண்டேன்

பகல்தூண்டில் | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். இதை மீன்பிடிப் பகுதியில் எழுதுவதா, இயற்கைப் பகுதியில் எழுதுவதா என்று தெரியவில்லை. நெறியாளர் வேண்டுமானால் மாற்றிவிடலாம்.

இன்று காலை மகனோடு போர்ட் பர்வெல் போயிருந்தேன். ஈரி ஏரியின் வடகரை, ஒண்டாரியோப் பக்கம். இரண்டு நாள் தெற்குக் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. கரை முழுக்க ஒதுங்கிய மரக்கட்டைகள். நடுவே கிடந்த இதையும் கட்டை என்றே நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். மகன்தான், "அப்பா, இந்தக் கட்டைக்கு மீசை இருக்கிறது" என்று கூப்பிட்டான்.

செத்து ஓரிரு நாள் ஆகியிருக்கும். செதிலே இல்லை. முதுகின் நடுவே ஒரு வரிசை, பக்கங்களில் வரிசை வரிசையாக, முதலைக்கு இருப்பதுபோல எலும்புத் தகடுகள். தொட்டால் கையைக் கிழிக்கும் கூர்மை. மூஞ்சி நீண்டு, அதன் அடியில் நான்கு மீசை. வாயும் அடிப்பக்கம்தான், பல் இல்லை. வால் சுறாவின் வால்போல மேல்பாதி நீளம், கீழ்பாதி குட்டை. நான்கு அடி இருக்கும். ஒரே ஒரு படம் எடுத்தேன், அதோடு தொலைபேசி அணைந்துவிட்டது.

திரும்பும் வழியில் புழு விற்கும் கடையில் வர்ணித்தேன். கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். "நீ சொல்வது ஸ்டர்ஜன். ஆனால் அது இந்த ஏரியில் என் தாத்தா காலத்திலேயே முடிந்துபோன மீன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அப்படியானால் நான் பார்த்தது என்ன?


கணக்கன் | ஞாயிறு, இரவு 10.40

நீங்கள் பார்த்தது ஸ்டர்ஜன்தான். வர்ணனையில் தவறு செய்ய இடமே இல்லை. ஆனால் கடைக்காரர் சொன்னதும் தவறில்லை என்பது என் கட்சி.

1885-ல் ஈரி ஏரியில் மட்டும் சுமார் 52 லட்சம் பவுண்டு ஸ்டர்ஜன் பிடித்தார்கள். ஒரு மீன் ஐம்பது பவுண்டு என்று வைத்தாலும் ஒரே ஆண்டில் ஒரு லட்சம் மீனுக்கு மேல். அடுத்த பத்தே ஆண்டில் பிடிபட்டது இரண்டு லட்சம் பவுண்டு. இருபத்தாறில் ஒரு பங்கு. இந்த மீனின் பெட்டை முதல் சினை பிடிக்கவே இருபது வயதுக்கு மேல் ஆகும். அதாவது 1885-ல் பிறந்த குஞ்சு ஒன்றுகூட 1895-ல் தாயாகியிருக்க முடியாது. வட்டியைத் தின்றிருந்தால் பிழைத்திருக்கலாம். இவர்கள் அசலையே தின்றார்கள். அதன் பிறகு நதிகளில் அணை, வண்டல், ஆலைக்கழிவு. 1969-ல் இந்த ஏரியில் வந்து விழும் கயஹோகா ஆறு தீப்பிடித்து எரிந்தது. அந்தத் தண்ணீரில் எது பிழைக்கும்?

இதே ஏரியில் ப்ளூ பைக் என்று ஒரு மீன் இருந்தது. கோடிக்கணக்கான பவுண்டு பிடித்தார்கள். 1950-களின் கடைசியில் சரிந்தது, 1983-ல் அமெரிக்க அரசு அற்றுப்போனது என்று அறிவித்தது. இன்றைக்கும் வருடத்துக்கு யாராவது ஒருவர் "நான் ப்ளூ பைக் பிடித்தேன்" என்பார். கரையில் ஒரு பிணம் கிடப்பதால் ஊரில் குடித்தனம் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.


குருநகர் மூத்தவன் | திங்கள், காலை 6.05

தம்பிமாருக்கு வணக்கம். கணக்கன் கணக்கைச் சொன்னார். எனக்குக் கணக்குத் தெரியாது, மீன் தெரியும்.

நான் 1987-ல் கனடா வந்தேன். முதல் ஒன்பது ஆண்டு இந்த ஏரிக்கரையில் ஒரு மீன் ஆலையில் வெட்டு மேசை. பெர்ச், வால்ஐ என்ற மீன்களை வெட்டி வெட்டி விரல் மரத்துப்போகும். மேசையில் எனக்கு இரு பக்கமும் போர்த்துக்கீசர்கள். மொழி இல்லாமலே சிநேகிதம் ஆனோம். கடற்றொழில் செய்தவனுக்குக் கடற்றொழில் செய்தவனைக் கத்தி பிடிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

அங்கே வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஸ்டர்ஜன் கதை சொல்வார். அவருக்கு அவருடைய பாட்டன் சொன்னது. ஆதியில் இந்த மீனை யாரும் விலைக்கு வாங்கவில்லையாம். வெண்மீனுக்கும் ஹெரிங்குக்கும் கட்டிய வலைக்குள் இது புகுந்து தகட்டால் கிழித்துவிடும். ஆகவே எதிரி. பிடித்துக் கொன்று கரையில் விறகுபோல அடுக்கினார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் உள்ள மீன். காய்ந்ததும் டெட்ராய்ட் ஆற்றில் போன நீராவிக் கப்பல்களின் அடுப்பில் போட்டு எரித்தார்கள். மீனை எரித்துக் கப்பல் ஓட்டிய கதையை நான் முதலில் நம்பவில்லை. பிறகு நூலகத்தில் படித்துப் பார்த்தேன், உண்மைதான்.

அவர்கள் கட்டிய வலை வேறொன்றும் இல்லை, எங்கள் யாழ்ப்பாணக் கடலேரியில் கட்டும் சிறகுவலையின் பெரியண்ணன். கம்பு நட்டு, நீண்ட சிறகு வைத்து, மீன் தானாகவே நடந்துபோய் அறைக்குள் விழும். முட்டையிடக் கரையோரமாக வரும் மீனுக்கு இதைவிடப் பொல்லாத வலை கிடையாது.

இனி முக்கியமான விஷயம். 1993 என்று நினைக்கிறேன். எங்கள் ஆலைக்கு மீன் கொண்டுவரும் வள்ளமொன்றில் விடுமுறை நாளில் ஒருமுறை நானும் போனேன். செவுள்வலை இழுக்கும்போது ஒரு பாரம். மேலே வந்தது இதுதான். என் இடுப்பளவு. வலையைச் சுற்றிக்கொண்டு கிடந்தது, துள்ளவில்லை; மாடு பார்ப்பதுபோலப் பார்த்தது. தலைவர் இயந்திரத்தை நிறுத்தி எல்லோரையும் கூப்பிட்டார். வலையை வெட்டினார். வலை என்ன விலை என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் ஒரு கண்ணி அறுந்தாலும் ஏசுகிறவர். இரண்டு பேராகத் தூக்கித் தண்ணீரில் இறக்கினோம். அன்று முழுக்க யாரும் அதிகம் பேசவில்லை.

1993-ல் இருந்தது. இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.


கணக்கன் | திங்கள், காலை 8.20

மூத்தவன் ஐயா, நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. இந்த மீனின் பெட்டை எண்பது ஆண்டு, நூறு ஆண்டு வாழும். நீங்கள் பார்த்தது வயதான மிச்சமாக இருக்கலாம் அல்லவா? ஊரை விட்டு எல்லோரும் போன பிறகும் ஒரு வீட்டில் கிழவி மட்டும் விளக்கேற்றிக்கொண்டிருப்பாள். விளக்கு தெரிவதால் ஊர் இருக்கிறது என்பீர்களா?


சினைமுட்டை | திங்கள், மதியம் 1.15

கணக்கன் சார் சொன்ன கிழவி வீட்டு உவமைதான் இந்த மீனின் மொத்தச் சிக்கலும். அவர் அதை மறுப்பாகச் சொல்கிறார். நாங்கள் அதைத்தான் படிக்கிறோம். (தூத்துக்குடியில் மீன்வளம் படித்தேன், இப்போது மிச்சிகனில் ஆய்வு மாணவி.)

நெத்திலி மாதிரி ஓரிரண்டு ஆண்டு வாழும் மீன் என்றால் இனப்பெருக்கம் நின்ற மூன்றாம் ஆண்டே வலை சொல்லிவிடும். ஏரி ஸ்டர்ஜன் அப்படி இல்லை. ஆண் பன்னிரண்டு, பதினைந்து வயதில் பருவத்துக்கு வரும். பெண் இருபதைத் தாண்டும். அதன் பிறகும் ஆண்டுதோறும் முட்டையிடாது. நான்கு முதல் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆகவே ஒரு ஏரியில் பிறப்பே நின்றுபோய் ஐம்பது ஆண்டு ஆன பிறகும் பெரிய பெரிய மீனாகக் கண்ணில் படலாம். பார்ப்பவன் "அடேயப்பா, எவ்வளவு பெரிது" என்று மகிழ்வான். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பெரிய மீனைக் கண்டால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, சின்ன மீன் எங்கே என்பதுதான்.

ஈரி ஏரிக்கு அந்தக் கேள்வியைப் போட்டால் பதில் இடத்துக்கு இடம் மாறுகிறது.

மேற்கு முனையில், ஹியூரான் ஏரியிலிருந்து ஈரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வழியில், செயின்ட் கிளேர் ஆறும் டெட்ராய்ட் ஆறும் இருக்கின்றன. பேரேரிகளில் (ஈரி, ஹியூரான் உட்பட வட அமெரிக்காவின் ஐந்து பெரிய ஏரிகள்) மிஞ்சியிருக்கும் ஸ்டர்ஜன் கூட்டங்களில் பெரியவற்றுள் ஒன்று அங்கேதான். அந்த வழியில் அணை கிடையாது, அதுவே பாதி காரணம். 2001-ல் டெட்ராய்ட் ஆற்றில் ஸூக் தீவருகே அவை முட்டையிடுவதைக் கண்டுபிடித்தார்கள். எதன்மேல் தெரியுமா? பழைய காலத்தில் கொட்டிய நிலக்கரிக் கங்குக் கழிவின்மேல். கல்லடுக்கும் இடுக்கும் கொண்ட ஆற்றடியைக் கப்பல் போக்குவரத்துக்காகத் தோண்டி எடுத்துவிட்டார்கள். மீன் கிடைத்த கரிக்கட்டையில் முட்டையிட்டது. அதைப் பார்த்துத்தான் கல்லைக் கொட்டிச் செயற்கைத் திட்டுகள் அமைத்தார்கள். ஃபைட்டிங் தீவுத் திட்டு 2008-ல் அமைந்தது, மறு வசந்தத்திலேயே அங்கே ஸ்டர்ஜன் முட்டை கிடைத்தது.

அதே ஆற்றில் 2021 ஏப்ரல் 22 அன்று அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையினர் ஆயிரங்கால் தூண்டிலில் ஒரு பெண் மீனைப் பிடித்து அளந்து விட்டார்கள். 240 பவுண்டு, ஆறு அடி பத்து அங்குலம். வயது நூறுக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். 1920 வாக்கில் பிறந்திருக்கும். ஆறு எரிந்தது, ஏரி செத்தது என்று நாம் பேசுகிற காலம் முழுக்க அது அங்கேதான் புழுவும் நத்தையும் உறிஞ்சிக்கொண்டு கிடந்தது.

கிழக்கு முனையில் பஃபலோ துறைமுகத்தருகே இன்னொரு கூட்டம். அது இருப்பது பலருக்கும் தெரிய வந்ததே சோகமான வழியில்தான். 2000-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்தில் பறவைகளும் மீன்களும் கொத்துக் கொத்தாகச் செத்தன. போட்டுலிசம் என்ற நஞ்சுநோய். கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த கோபி மீன் அந்த நஞ்சைச் சுமக்கும், அதை ஸ்டர்ஜன் தின்னும். இல்லை என்று எழுதி மூடிய மீன் பிணமாகக் கரையில் வரிசையாக வந்து ஒதுங்கியது. கரையில் கிடக்கும் பிணம் சாட்சியாகாது என்று சொன்னீர்கள், சார். இந்த ஏரியில் ஆகியிருக்கிறது.

நடு ஏரியைப் பற்றி, அதாவது போர்ட் பர்வெல் இருக்கும் பகுதியைப் பற்றி, என்னால் அவ்வளவு துணிந்து சொல்ல முடியாது.


சும்மா பார்ப்பவன் | திங்கள், மாலை 4.02

ஈரி ஏரி, ஈரி ஏரி என்று நான்கு முறை வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு சுளுக்கிக்கொண்டது. இந்த மீனுக்குத் தமிழில் பெயர் என்ன? கேவியர் என்பது இதன் முட்டைதானே, ஒண்டாரியோக் கடைகளில் கிடைக்குமா?


சினைமுட்டை | திங்கள், மாலை 5.30

தமிழ்ப் பெயர் கிடையாது. ஸ்டர்ஜன் குடும்பமே வட பூமியின் குளிர்நாட்டு நீரில் மட்டும் வாழ்வது. நம் கடலிலோ ஆற்றிலோ இல்லாத மீனுக்கு நம் பரதவர்கள் எதற்குப் பெயர் வைப்பார்கள்? "கவச மீன்" என்று யாராவது உருவாக்கிக் கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்டர்ஜன் என்றே இருக்கட்டும்.

கேவியர் என்பது ஸ்டர்ஜன் சினைதான், உப்பிட்டது. கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்த்த வேறு இனங்களுடையது. இந்த ஏரியின் மீனைத் தொடவே கூடாது, எதிர்பாராமல் தூண்டிலில் மாட்டினாலும் உடனே விட்டுவிட வேண்டும். ஒண்டாரியோக் கரையிலும் சரி, ஒஹையோவிலும் சரி. செயின்ட் கிளேர் ஆறு, அது போய் விழும் செயின்ட் கிளேர் ஏரி, இவற்றின் மிச்சிகன் பக்கத்தில் மட்டும் ஆண்டுக்கு ஒன்று, அதுவும் குறிப்பிட்ட நீளத்துக்குள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

மூத்தவன் ஐயா சொன்ன கதையின் மறுபாதியும் கேவியர்தான். எதிரியாக எரித்த மீன், 1860-களில் ஒஹையோக் கரையில் உள்ள சாண்டஸ்கியில் சீமன் ஷாக்ட் என்பவர் அதைப் புகையூட்டி விற்கவும் சினையை உப்பிடவும் தொடங்கியதும் தங்கமாகிவிட்டது. காற்றுப்பையைக்கூட விடவில்லை. நம் ஊரில் கூரல் மீனின் நெட்டியை எடுத்துக் காயவைத்து ஏற்றுமதி செய்வார்களே, அதேதான். பீரைத் தெளியவைக்க அதை வாங்கினார்கள். வெறுத்தபோது அழிந்ததைவிட விரும்பியபோது அழிந்தது அதிகம்.


மாமிக்கரை | திங்கள், இரவு 9.48

நான் டொலிடோவில் இருக்கிறேன், ஒஹையோவில் ஈரியின் மேற்கு முனை. எங்கள் ஊரில் ஓடும் ஆற்றின் பெயர் மாமீ. தமிழர்களுக்கு அது மாமி ஆறுதான். மாமா ஆறு எங்கே என்று யாரும் கேட்க வேண்டாம், பதினைந்து வருடமாகக் கேட்டாகிவிட்டது.

ஒரு காலத்தில் ஈரியின் ஸ்டர்ஜன் பெருங்கூட்டமாக இந்த ஆற்றில் ஏறி முட்டையிட்டது. இப்போது அப்படி ஒன்றும் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவர 2018 அக்டோபரில் சுமார் மூவாயிரம் குஞ்சுகளை விட்டார்கள். பிள்ளைகளோடு போய்க் கரையில் நின்று பார்த்தேன். ஒரு சாண் நீளம் இருக்கும். அந்தச் சாண் மீனுக்கும் முதுகில் தகடு, மீசை, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பெரிய மீனைவிடக் குஞ்சுக்குத்தான் தகடு கூர்மையாம். விழுங்க வருகிறவன் ஒருமுறைதான் வருவான்.

முட்டை எடுத்தது செயின்ட் கிளேர் ஆற்றில், போர்ட் ஹியூரான் அருகே பிடித்த மீன்களிடமிருந்து. அதில் ஒரு பாதியை விஸ்கான்சின் மாநிலத்தின் ஜெனோவா பண்ணையில் வளர்த்தார்கள். மறு பாதியை எங்கள் ஊர் விலங்குக் காட்சிச்சாலையில், மாமீ ஆற்றுத் தண்ணீரையே இறைத்துவிட்டு வளர்த்தார்கள். காரணம் கேட்டேன். குஞ்சு எந்தத் தண்ணீரில் வளர்கிறதோ அதன் வாசனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். இருபது வருடம் கழித்து முட்டையிட அந்த வாசனையைத் தேடி வருமாம். என் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "கும்பகோணத்தில் வளர்ந்த எனக்குக் காவிரித் தண்ணீர் மாதிரி" என்றார். கேட்டவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், சிரித்தார்கள்.

ஒவ்வொரு குஞ்சின் உடம்புக்குள்ளும் அரிசிமணி அளவு ஒரு சில்லு வைத்து விடுகிறார்கள். எப்போது பிடிபட்டாலும் கருவியைக் காட்டினால் எண் வரும். பகல்தூண்டில் பார்த்த மீனில் அது இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்குப் படபடப்பாக இருக்கிறது.


கணக்கன் | செவ்வாய், காலை 7.33

சினைமுட்டை அவர்களே, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கவனியுங்கள். மேற்கே ஆறு, கிழக்கே துறைமுகம். இரண்டும் ஏரியின் வாசல்கள். வாசலில் ஆள் நிற்பதால் வீட்டுக்குள் ஆள் இருப்பதாகுமா? கேள்வி ஏரியைப் பற்றியது. 25,700 சதுர கிலோமீட்டர் ஏரி.

மாமிக்கரை சொன்னது வேறு விஷயம். தொட்டிலில் வளர்த்துக் கொண்டுவந்து விட்டதைப் "பிழைத்திருக்கிறது" என்று சொல்ல முடியாது. அது குடியேற்றம்.


மாமிக்கரை | செவ்வாய், காலை 7.50

குடியேறியவர்கள் நடத்தும் தளத்தில் வந்து குடியேற்றம் கணக்கில் வராது என்கிறீர்களே, ஐயா.


கணக்கன் | செவ்வாய், காலை 7.58

:) அந்த ஒரு அடி எனக்கு விழ வேண்டியதுதான்.


சினைமுட்டை | செவ்வாய், காலை 11.20

வாசல் உவமைக்குப் பதில். ஒலி அனுப்பும் கருவியை மீனின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்து விடுகிறார்கள்; பேரேரிகளின் அடியில் ஆங்காங்கே கேட்புக் கருவிகள் இருக்கின்றன. டெட்ராய்ட், செயின்ட் கிளேர் ஆறுகளில் இப்படிக் கருவி வைத்தவற்றில் சில ஆற்றிலேயே தங்கின, சில வடக்கே ஹியூரானுக்குப் போயின, சில தெற்கே ஈரிக்குள் இறங்கின. ஒரு மீன் ஒரு வழியைத் தேர்ந்தால் ஆண்டுதோறும் அதே வழியைத்தான் பிடிக்கிறது என்றும் கண்டார்கள். ஆகவே ஏரிக்குள் வாழ்ந்து, பிரசவத்துக்கு மட்டும் ஆற்றுக்கு வருகிறவை உண்டு. வாசல் என்று நீங்கள் சொல்வது தாய்வீடு.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். ஏரியில் மீன் இருப்பது வேறு, ஏரியின் ஆறுகளில் பிறப்பு நடப்பது வேறு. தென்கரை ஆறுகளில் பிறப்பு நின்றுபோனது உண்மை. பேரேரிகள் முழுவதையும் சேர்த்தாலும் பழைய எண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்குகூட இன்று இல்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. அப்படியிருந்தும் 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கூட்டரசு, இந்த இனத்தை நாடு முழுவதற்குமான அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தது. குஞ்சு விடுவதும் அணை அகற்றுவதும் பலன் தருகின்றன என்பது காரணம். எனக்கு அந்த முடிவில் முழு உடன்பாடு இல்லை. மாமீ ஆற்றில் 2018-ல் விட்ட பெண்குஞ்சு முதல் முட்டையிடப் போவது 2040 வாக்கில். அதுவரை பலன் என்று நாம் சொல்வதெல்லாம் பயிர் முளைத்ததைப் பார்த்துவிட்டு நெல் அளப்பதுதான்.


வடமேற்கன் | செவ்வாய், மதியம் 2.10

விஸ்கான்சினிலிருந்து ஒரு சொல். எங்கள் வின்னபேகோ ஏரியில் இந்த மீன் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை; பிப்ரவரியில் உறைந்த பனியை அறுத்து, மேலே கூடாரம் போட்டு, இருட்டில் குனிந்து உட்கார்ந்து ஈட்டியால் குத்திப் பிடிக்கிறார்கள். 2010-ல் 212 பவுண்டு மீன் ஒன்று கிடைத்தது. குத்துவதற்கு வரம்பு உண்டு. எண்ணிக்கை எட்டியதும் பருவம் மூடப்படும். வசந்தத்தில் வுல்ஃப் ஆற்றில் முட்டையிட வரும்போது அதே ஈட்டிக்காரர்கள் தொண்டர்களாக இரவும் பகலும் கரையில் காவல் நிற்கிறார்கள். மீன் நம் காலடியில் கல்லோடு கல்லாக உரசிக்கொண்டு கிடக்கும், கையை நீட்டினால் தொடலாம்.

நான் முதல் வருடம் போனபோது எட்டு மணி நேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெங்காயத் தோல்கூட மிதந்து வரவில்லை.


குருநகர் மூத்தவன் | செவ்வாய், மாலை 6.45

வடமேற்கன் தம்பி சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பிடிக்கிறவன்தான் காவலும் நிற்பான். பிடிக்கவே கூடாது என்று முற்றாக மூடிய இடத்தில் கடைக்காரர்கூட மீன் முடிந்துபோனது என்று நினைத்துவிடுகிறார். பகல்தூண்டில் போன கடையில் நடந்தது அதுதான். ஆனால் இந்த ஏரியில் இன்று திறந்துவிட்டால் ஒரே கோடையில் சம்மாட்டிமார் துடைத்துவிடுவார்கள் என்றும் எனக்குத் தெரியும். இரண்டையும் நினைத்துப் பார்க்கிறேன்.

தம்பி, அந்தப் படத்தைப் போடும்.


பகல்தூண்டில் | செவ்வாய், இரவு 10.25

மன்னிக்க வேண்டும், இரண்டு நாள் இரவு வேலை. எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். மகனுக்கும் படித்துக் காட்டினேன். படம் கீழே இருக்கிறது. அளவுக்காக என் செருப்பைப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தேன்.

மாகாண இயற்கைவள அமைச்சுக்கும் அனுப்பியிருக்கிறேன். சரியான இடம், தேதி, உடல் இன்னும் கிடக்கிறதா என்று கேட்டுப் பதில் வந்தது. வேலை முடிந்து இன்று மாலை ஓடினேன். மரக்கட்டைகள் அப்படியே இருந்தன. மீன் இல்லை. அலை கொண்டுபோனதா, நரி கொண்டுபோனதா தெரியவில்லை. மணலில் சின்னப் பள்ளம் மட்டும் இருந்தது.


சினைமுட்டை | செவ்வாய், இரவு 11.02

ஏரி ஸ்டர்ஜனேதான், சந்தேகமே இல்லை. உடல் கிடைத்திருந்தால் கருவியைக் காட்டிச் சில்லு இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். மார்புத் துடுப்பின் முதல் முள்ளை மெல்லிய வில்லையாக அறுத்தால் மரத்தின் வளையம்போல வயதை எண்ணியும் இருக்கலாம்.

ஒரு கேள்வி. படத்தில் மீன் இரண்டே முக்கால் செருப்பு நீளம்தான் வருகிறது. உங்கள் செருப்பு எத்தனை சென்டிமீட்டர்?


பகல்தூண்டில் | செவ்வாய், இரவு 11.09

அளந்தேன். 28.


கணக்கன் | செவ்வாய், இரவு 11.11

77 சென்டிமீட்டர். இரண்டரை அடி. நான்கு அடி என்று எழுதியிருந்தீர்கள்.


பகல்தூண்டில் | செவ்வாய், இரவு 11.13

பார்க்கும்போது நான்கு அடியாகத்தான் இருந்தது.


குருநகர் மூத்தவன் | செவ்வாய், இரவு 11.15

எல்லா மீனும் பார்க்கும்போது நான்கு அடிதான், தம்பி.


சினைமுட்டை | செவ்வாய், இரவு 11.31

சிரிக்காதீர்கள், இதுதான் நல்ல செய்தி. நான்கு அடி என்றால் இருபது, இருபத்தைந்து வயது. 77 சென்டிமீட்டர் என்றால் மிகவும் இளையது; இந்தப் பகுதி மீன் வேகமாக வளர்வது, ஏழிலிருந்து பத்து வயதுக்குள் எதுவாகவும் இருக்கலாம். செயின்ட் கிளேர், டெட்ராய்ட் ஆறுகளில் தானாகப் பிறந்து ஏரிக்குள் இறங்கியதாக இருக்கலாம். பஃபலோப் பக்கத்ததாக இருக்கலாம். மாமிக்கரை கரையில் நின்று வழியனுப்பிய மூவாயிரத்தில் ஒன்றாகவும் இருக்கலாம், அதற்கும் வயது பொருந்துகிறது. எது என்பதைச் சொல்ல அந்த அரிசிமணி வேண்டும்.

கணக்கன் சார், எதுவாக இருந்தாலும் கிழவி இல்லை. குழந்தை.


கணக்கன் | செவ்வாய், இரவு 11.48

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்தச் செருப்பு புதியதா, தேய்ந்ததா?


பகல்தூண்டில் | செவ்வாய், இரவு 11.52

குதிகால் பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.